அஞ்சும் ஒண்ணும்

கிருத்திகைக்குக் கிருத்திகை நம் கோயிலில் கூடும் அடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் என்னை எழுந்து நின்று பேசச் சொன்னீர்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். எழுத்தில் பிழை இருக்கலாம், நடந்ததில் பிழை இல்லை.

சென்ற ஐப்பசியில், தீபாவளி முடிந்த நான்காம் நாள் விடியற்காலையில், எங்கள் அம்மாவுக்குப் பேச்சு போனது.

அப்பா நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டிலிருந்து கீழே சிந்தும் கரியை வாரிப் போடுகிற வேலை. அன்றைக்கு அவருக்கு முதல் ஷிப்ட். அம்மா சோற்றுத் தூக்கை எடுத்து வந்து வாசலில் நீட்டினாள். நீட்டும்போது ஏதோ சொன்னாள். வார்த்தை மாதிரி இருந்தது, ஆனால் வார்த்தை இல்லை.

"என்னா புள்ள, வாயில கொழுக்கட்டையா?" என்று அப்பா சிரித்தார்.

அவர் சிரிக்கும்போதே தூக்கு அம்மாவின் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே சுவரோரம் சரிந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. நான் உள்ளேயிருந்து ஓடி வந்தபோது அப்பா சிதறிக் கிடந்த சோற்றின் மேலேயே உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்திருந்தார்.

பக்கவாதம். பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடனே கொண்டுவந்ததால்தான் உயிரும் காலும் தப்பித்தன என்று டாக்டர் சொன்னார். மூன்று வாரத்தில் அம்மா நடந்தாள். வலது கையும் மெல்ல மெல்லப் பிடிமானத்துக்கு வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் சொல் கிடைக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் "அது... அது..." என்று கையை ஆட்டுவாள். அப்புறம் "விறகு" என்பாள். அது இல்லையென்று அவளுக்கே தெரியும். நெற்றியில் அடித்துக்கொள்வாள்.

என் பேர் சரவணன். அது உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு அது வரவில்லை. "ச..." என்று தொடங்குவாள், "சக்கரை" என்று முடிப்பாள். தெருவில் எல்லோரும் என்னை சக்கரை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். ஆனால் பெற்ற தாய் பேர் சொல்லிக் கூப்பிடாத வீட்டுக்குள் ஒவ்வொரு சாயங்காலமும் நுழைவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எனக்கு முன்னால் எல்லோருமே அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், முந்திரிக்கொட்டை உடைத்தவர்கள். நான் ஆஸ்டலில் தங்கிப் படித்து, டிப்ளமோ முடித்து, இப்போது ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். அதனால் ஆஸ்பத்திரிச் சீட்டு, மாத்திரை, டாக்டர் என்றால் வீட்டில் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. இதை உங்கள் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும்.

மைன்ஸ்காரர்கள் குடியிருக்கும் நகரியத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கார்த்திகை மாதத்தில் அம்மாவைக் கூட்டிப்போனேன். வாரத்தில் இரண்டு நாள். பயிற்சி கொடுப்பவர் பேர் நிவேதா. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பம். அவருடைய அப்பா மைன்ஸில் பர்மனென்ட் வேலையில் இருந்தவர், அதனால் மேடம் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே குவார்ட்டர்ஸில்தான்.

முதல் நாள் படங்களைக் காட்டினார். சீப்புக்கு அம்மா "சோப்பு" என்றாள். பூட்டுக்கு "வூடு" என்றாள். "உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டார். அம்மா முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"எங்க அம்மா அப்பா பேர சொல்லமாட்டாங்க மேடம். எப்பவுமே அப்படித்தான்" என்றேன்.

"அட, அப்படியா! எங்க வீட்டுல எங்கம்மா எங்கப்பாவ மூணாவது வீட்டுக்குக் கேக்கற மாதிரி பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க" என்று சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

போகும்போது என்னிடம் சொன்னார்: "வார்த்தையெல்லாம் உள்ளதான் இருக்கு தம்பி. எடுத்துட்டு வர்ற வழிதான் அடைஞ்சிருக்கு. அவங்க தேடும்போது அவசரப்பட்டு நீங்க எடுத்துக் குடுத்துடாதீங்க. காத்திருங்க."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதை விளக்கினேன். அப்பா கேட்டுவிட்டு, "அப்ப கீழ கரி இருக்குது. பெல்ட்டுதான் நின்னுகினு கெடக்குதுன்ற" என்றார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. மூளையைப் பற்றிப் பேசினால் இந்த மனிதர் பெல்ட்டைப் பற்றிப் பேசுகிறாரே என்று.

பயிற்சியில் ஒரு பகுதி எண்ணுவது. எல்லோருக்கும் மனப்பாடமாக இருப்பது தானாக ஓடி வரும், அந்த ஓட்டத்தில் மற்ற சொற்களும் கிளம்பும் என்பார் மேடம். அதனால் கிழமைகள், மாதங்கள், ஒன்றிலிருந்து பத்து. கிழமைகளை அம்மா பத்து நாளில் பிடித்துவிட்டாள். எண்கள்தான் தகராறு. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு..." அவ்வளவுதான். நின்றுவிடுவாள். உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏழு, எட்டு" என்று போவாள். ஒவ்வொரு முறையும் அதே இடம். மேடம் "ஆ..." என்று முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தும் பார்த்தார். அம்மா தலையை ஆட்டுவாள்.

எனக்கு அது பெரிய கவலையாகிவிட்டது. அந்த ஓர் எண் வந்துவிட்டால் எல்லாம் திறந்துகொள்ளும் என்று என் மனசு முடிவு கட்டிவிட்டது. அந்த வாரமே நம் முருகன் சந்நிதியில் வேண்டிக்கொண்டேன். "ஆறு முகம் கொண்டவனே, எங்கம்மா வாயிலிருந்து ஆறு வர வேண்டும். வந்த அன்றைக்கு மொட்டை போட்டுக்கொள்கிறேன்." தினமும் வேலைக்குப் போகும் முன் சந்நிதியை ஆறு சுற்று சுற்றினேன். உங்களில் சிலர் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பொண்ணு பாக்கறாங்களா?" என்றுகூடக் கேட்டீர்கள்.

மார்கழி போனது. தை பிறந்தது. ஆறு வரவில்லை.

நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். தினமும் என்ன வந்தது, என்ன வரவில்லை என்று எழுதுவேன். அதில் ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "ஆறு கேட்டால் அப்பாவின் ஹெல்மெட்டைக் காட்டுகிறாள். குழப்பம் அதிகமாகிறது." உண்மைதான். ஆணியில் மாட்டியிருக்கும் அப்பாவின் ஹெல்மெட்டைக் காட்டி, என்னைப் பார்த்து, மறுபடி அதைக் காட்டுவாள். எனக்குப் பயமாகிவிட்டது. மூளையில் மறுபடி ஏதாவது ஆகியிருக்குமோ என்று நினைத்தேன். அப்பாவைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அப்பாவுக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அப்பா ஷிப்ட்டுக்குப் போயிருந்தார். நான் அம்மாவின் முன்னால் ஆறு அகல் விளக்குகளை வரிசையாக வைத்தேன். எண்ணச் சொன்னேன். ஐந்தைத் தொட்டாள், ஐந்து சொன்னாள். ஆறாவதைத் தொட்டாள். வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லும்மா."

தலையை ஆட்டினாள். ஹெல்மெட்டைக் காட்டினாள்.

"ஹெல்மெட் இல்லம்மா. வெளக்கு. எத்தினி வெளக்கு?"

மறுபடியும் ஹெல்மெட்.

எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. "ஒண்ணாங்கிளாஸ் புள்ள சொல்லும் இத! உனக்கு இதுகூடவா வரல?" என்று கத்திவிட்டேன்.

பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவளைப் பார்த்து அப்படிக் கேட்டேன். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து என்னைப் படிக்க வைத்தவளைப் பார்த்து. அம்மா அந்த ஆறாவது அகலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் வராமல் அழுதாள். அதன் பிறகு பேசவில்லை. "சக்கரை"கூட இல்லை. அப்பாவிடமும் இல்லை. ஆறு நாள். பசித்தால் தட்டைத் தள்ளுவாள், அவ்வளவுதான்.

நிவேதா மேடத்துக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். எத்தனை நாளாகப் பேசவில்லை என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "தப்பு வந்தாலும் பரவாயில்ல தம்பி, பேசிட்டே இருக்கறவங்கதான் தேறி வருவாங்க. முயற்சியே பண்ணாம விட்டுட்டாங்கன்னா ரொம்பக் கஷ்டம். அடுத்த முறை எப்படியாவது கூட்டிட்டு வாங்க" என்றார்.

அடுத்த நாள் தைக் கிருத்திகை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கோயிலுக்கு வந்தேன். கூட்டம் இருந்தது. சுற்றவில்லை. ஓரமாக நின்றேன். எனக்கு அழுகைதான் வந்தது. "முருகா, ஆறு வேண்டாம். எந்த எண்ணும் வேண்டாம். என்ன கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவள் வாய் திறந்தால் போதும். நான் மூடிய வாயை நீ திறந்து விடு." இவ்வளவுதான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் கணக்குப் போடாமல் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் முறை.

பயிற்சிக்குப் போக வேண்டிய நாளில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. சைட்டில் அவசர வேலை. அப்பாவுக்கு அன்று வார ஓய்வு. "நான் இட்டுகினு போறேன், நீ வேலைய பாரு" என்றார். எனக்கு அரை மனசுதான். "மேடம் எதாச்சும் கேட்டா நீ குறுக்க பேசாத நைனா" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். மனசு கேட்காமல் பதினோரு மணிக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு வண்டியில் பின்னாலேயே போனேன்.

கிளினிக் கதவுத் திரைக்கு வெளியே நின்றபோது மேடத்தின் குரல் கேட்டது. "பயப்படாதீங்கம்மா. மெதுவா. ஒண்ணு, ரெண்டு..." அம்மா பேசவில்லை. மேடமே ஐந்து வரை எண்ணிவிட்டு நிறுத்தினார். "அஞ்சுக்கு அப்புறம்? ஆ..."

"அத கேக்காதீங்க மேடம்" என்று அப்பாவின் குரல். குறுக்கே பேசிவிட்டார்.

"ஏங்க?"

"அவ எப்படிங்க சொல்லுவா? என்னை கட்டிக்கினு வந்து முப்பது வருசமாவுது, ஒரு நாள் சொன்னதில்ல. அது என் பேருங்க."

"எது உங்க பேரு?"

"ஆறுமுகங்க."

நான் திரையை விலக்கினேன். மேடம் பேனாவைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். அம்மாவின் முகம் சிவந்துபோயிருந்தது. இடது கையால் அப்பாவின் தோளில் ஒன்று வைத்தாள்.

"சீ! வெளிய... வெளிய வந்து... பேர... மானம்!"

ஆறு நாளாக மூடியிருந்த வாய் அது.

அப்பா சிரித்தார். மேடம் சிரித்தார். அப்புறம் அம்மாவும் முந்தானைக்குள் சிரித்தாள். ஐப்பசிக்குப் பிறகு அம்மாவின் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கு அந்த ஹெல்மெட் ஞாபகம் வந்தது. அம்மா குழம்பவே இல்லை. "அதாண்டா, அவரு பேரு" என்று அத்தனை நாளாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். படித்தவனுக்குத்தான் புரியவில்லை.

மேடம் நாற்காலியை அம்மாவுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப அந்த நம்பர எப்படிம்மா சொல்லுவீங்க?"

அம்மா யோசித்தாள். நான் வாயைத் திறந்தேன், அப்பா என் காலை மிதித்தார்.

"அஞ்சும்... ஒண்ணும்."

"காலையில அந்த மணிக்கு எந்திரிச்சேன்னு சொல்லணும்னா?"

"அடுப்பு... பத்த வெக்கிற நேரம்."

"கடலுக்குப் போகுதே, தண்ணி, அகலமா?"

"பெரிய... வாய்க்கா."

"காப்பி சூடு போயிடுச்சுன்னா? அதையும் சொல்ல முடியாதே?"

"சில்லுனு... சில்லுனு பூடுச்சி."

மேடம் என் பக்கம் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. "தம்பி, ஒரு வார்த்த வரலைன்னா அதச் சுத்தி வாங்க, எதுக்கு, எப்படி இருக்கும்னு சொல்லுங்கன்னு ரெண்டு மாசமா இவங்களுக்கு நான் கத்துக் குடுக்கறேன். இவங்க முப்பது வருசமா அதத்தான் செஞ்சிட்டிருக்காங்க!"

அன்பர்களே, நான் என்ன சொல்வது? யோசிக்க யோசிக்க எல்லாம் விளங்கியது. நான் ஆறாம் வகுப்புக்கு ஆஸ்டலில் சேர்ந்ததை அம்மா எப்போதும் "அஞ்சு முடிச்சி ஆஸ்டலுக்குப் போச்சு" என்றுதான் சொல்வாள். நம் பூஜையில் எல்லோரும் ஆறுமுகனுக்கு அரோகரா என்று கோஷம் போடும்போது கடைசி வரிசையில் ஓர் அம்மா வாயைத் திறக்காமல் கும்பிடு மட்டும் போடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் அந்த அம்மாவின் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். கவனித்ததில்லை.

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். "மன்னிச்சிடும்மா" என்றேன். அம்மா என் தலையைத் தடவினாள். "படிச்சது... அதுக்கு... தெரியாது" என்றாள்.

"படிச்ச புள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்ன்றா" என்று அப்பா மொழிபெயர்த்தார். "நல்லா கேட்டுக்க. உங்கம்மா உன்ன திட்டுறா."

"திட்டல" என்றாள் அம்மா. உடனே வந்தது. தேடாமல் வந்தது.

அதிலிருந்து வீட்டில் பயிற்சியே மாறியது. நோட்டை நான் தூர வைத்தேன். அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் ஏதாவது ஒரு பொருளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வந்து அம்மாவின் முன்னால் காட்டுவார். அம்மா சுற்றி வருவாள். சீப்பு என்றால், "தலைக்கி... இழுக்கறது... ஈரு... சீப்பு!" சுற்றி வரும்போதே பாதி வழியில் சொல்லே வந்து நின்றுவிடும். வராவிட்டாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும். மார்க்கெட்டில் காய்க்காரரிடம், "நீட்டா... சாம்பாரு... கடிச்சி... துப்பறது" என்றாள். அவர் முருங்கைக்காயை எடுத்துக் கொடுத்தார். வீடு வரைக்கும் பையை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள்.

எல்லாம் வந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். களைத்துப்போனால் இன்றைக்கும் சொல் தடுக்கும். பயிற்சியை நிறுத்தவில்லை, மாத்திரையையும் நிறுத்தவில்லை. ஆனால் அம்மா இப்போது பயப்படுவதில்லை.

என் வேண்டுதல்தான் பாக்கி நின்றது. ஆறு வந்தால் மொட்டை என்றல்லவா சொல்லியிருந்தேன்? வராத ஆறுக்கு என்ன செய்வது? நம் கோயில் அர்ச்சகரிடம் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்கம்மா காப்பாத்துற விரதத்த ஒடைச்சுக் குடுன்னு சாமிகிட்டயே அடம் புடிச்சிருக்கியேப்பா. அவரு எப்படிக் குடுப்பாரு? வாய் தெறக்கணும்னு கேட்ட, குடுத்துட்டாரு. போய் மொட்டைய போடு."

பங்குனி உத்திரத்தன்று மொட்டை போட்டேன். அர்ச்சனைத் தட்டை அம்மா கையில் கொடுத்தேன். எங்களுக்குப் பின்னால் நீண்ட வரிசை.

"பேரு சொல்லுங்கம்மா. வீட்டுக்காரர் பேரு?" என்று வேண்டுமென்றே அவளையே கேட்டார் அர்ச்சகர்.

இத்தனை வருஷமும் அந்த இடத்தில் வேறு யாராவதுதான் சொல்வார்கள். நான் சொல்லவில்லை. அப்பாவும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாமி பேரு" என்றாள் அம்மா.

"சாமிக்கு ஆயிரம் பேரும்மா. எதுன்னு சொன்னாத்தானே?"

அம்மா சந்நிதியைப் பார்த்தாள். "மூஞ்சி... நெறைய."

வரிசை முழுக்கச் சிரித்தது. "என் ஒரு மூஞ்சியையே முப்பது வருசமா திட்டிகினு இருக்கா சாமி" என்று அப்பா சொன்னதும் இன்னும் சிரித்தது. "ஆறுமுகம்" என்று அர்ச்சகர் சொல்லிக்கொண்டு பூவை எடுத்தார்.

"பையன் பேரு?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் மொட்டையைப் பார்த்தாள். "ச..." என்றாள். நின்றாள். எனக்குச் சக்கரை என்று வந்தாலும் போதும் என்றிருந்தது. அர்ச்சகர் அவசரப்படவில்லை. வரிசையும் அமைதியாக இருந்தது. அம்மாவின் உதடு அசைந்தது. என் தலையில் கையை வைத்தாள், சந்தனம் காய்ந்திருந்த இடத்தில்.

"என் புள்ள... படிச்சது... சர... சரவணன்."

ஐந்து மாதம் கழித்து என் பேரைக் கேட்டேன். அதன் பிறகு என்ன மந்திரம் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஆறு கேட்டேன். அவன் ஆறுதலாக வந்தான். அதுவும் நான் எதிர்பார்த்த வழியில் வரவில்லை. எனக்கு லீவு கொடுக்காமல், நான் மட்டம் தட்டிய அப்பாவை அனுப்பி, அவர் வாய் வழியாக வந்தான். அந்த நாளுக்குப் பிறகு நான் அப்பாவைக் கேட்காமல் வீட்டில் ஒரு காரியம் செய்வதில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படிச் சொல் தடுமாறினால் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பயிற்சி கொடுப்பவரிடம் போங்கள். அவர்கள் தேடும்போது கூடவே காத்திருங்கள். நாம் மட்டும் என்ன, சாமியைத் தொட்டா கும்பிடுகிறோம்? கருவறைக்குள் போக முடியாது, சுற்றித்தான் வருகிறோம். சுற்றி வருகிறவர்களை அவன் கைவிட்டதில்லை. நம்பிச் சுற்றுங்கள்.

இன்னும் எழுத வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் அடுப்படியிலிருந்து அம்மா இரண்டாவது தடவையாகக் கூப்பிடுகிறாள். "சரவணா, காப்பி... சில்லுனு பூடும், வாடா."